எல்லைக்கு வெளியே போனது யார்?

“நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்.”

கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வாக்கியம். ஆனால் என் அத்தையைப் பற்றி அந்தப் பெண் குரல் இப்படிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. துறையூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் ஓர் ஊரில் அத்தை இருக்கிறார். வயது எழுபத்தாறு. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அதே வீடு, அதே திண்ணை. ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் போவதில்லை. அவர் எந்த எல்லைக்கு வெளியே போனார்?

கூடத்தில் உட்கார்ந்தபடியே வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குரல் விட்டு விட்டுக் கேட்க ஆரம்பித்தது. அப்புறம் கூடத்தில் டவரே எடுப்பதில்லை. சமையல்கட்டு ஜன்னலில், கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே போனைச் செருகி வைத்தால் ஒரு கோடு காட்டும். அங்கே மணி அடித்தால் திண்ணையில் இருப்பவருக்குக் கேட்காது. கேட்டாலும் எழுந்து போய்ச் சேர்வதற்குள் கட்டாகிவிடும். அவருடைய சிம் கம்பெனி எதையோ மாற்றியிருக்கிறது. எதை, எதற்காக, எப்போது என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. காலர் டியூன் வைத்துக்கொள்ளச் சொல்லும் அழைப்பு மட்டும் எப்படியோ தவறாமல் வந்து சேர்கிறது.

இதை அத்தையின் பேரனிடம் சொன்னேன். பெங்களூரில் வேலை. கெட்டிக்காரன், பாசக்காரனும்கூட. “அப்பாயி இன்னும் பட்டன் போன்தான வச்சிருக்கு? போர்ட் பண்ணிட்டு ஒரு டச் போன் வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது மாமா. 2ஜியெல்லாம் இன்னும் எத்தன நாளைக்கு ஓட்டுவாங்க?” என்றான்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. படித்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகிறார்கள், வணிகப் பத்திரிகைகளும் இப்படித்தான் எழுதுகின்றன. தொழில்நுட்பம் முன்னே போகும், பழையது மூடப்படும், அது இயற்கை. அலைக்கற்றை அளவான பண்டம். பழைய போன்களுக்காக அதை முடக்கி வைப்பது நாட்டுக்கு நஷ்டம். சேவை பிடிக்காதவருக்கு எண்ணை விடாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கிறது. ஆக, சிக்னல் போனால் விவரமானவர் மாறிக்கொள்வார், மாறாதவர் பின்தங்கியவர். 2020 ஜூலை 31 அன்று முகேஷ் அம்பானி பேசியதன் சாரமும் இதுதான். 30 கோடிப் பேர் இன்னும் 2ஜி காலத்தில் சிக்கிக் கிடக்கிறார்கள், 2ஜியைப் பழங்கதையாக்க அரசு உடனே கொள்கை முடிவு எடுக்க வேண்டும் என்றார். அது என்ன விழா தெரியுமா? 1995-ல் அதே நாளில் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசிய முதல் மொபைல் அழைப்பின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கொண்டாடக் கூடிய மேடையில், பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருக்கிறவர்கள் சிக்கிக் கிடக்கிறவர்களாகிப் போனார்கள்.

இந்தக் கருத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே அளவு அலைக்கற்றையில் 2ஜியைவிட 4ஜி பல மடங்கு சரக்கைச் சுமக்கும். ஒரே டவரில் மூன்று தலைமுறைக் கருவிகளைக் கட்டி மேய்ப்பது செலவுதான். அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இது இயற்கை’, ‘மாறிக்கொள்வது வாடிக்கையாளர் கடமை’ என்று அடுத்த இரண்டு படிகளைத் தாண்டுகிறார்களே, அங்கேதான் சறுக்குகிறார்கள்.

இயற்கை என்றால் பழையது முதலில் சாக வேண்டும். இந்தியாவில் நடந்தது என்ன? 2019, 2020 ஆண்டுகளில் ஏர்டெல் படிப்படியாக மூடியது 3ஜியை. அதைவிடப் பழைய 2ஜியை வைத்துக்கொண்டது. தம்பி செத்தான், அண்ணன் இருக்கிறான். காரணம் எளிது: பேசுவதற்காகப் பணம் கட்டும் கோடிக்கணக்கான பட்டன் போன்காரர்கள் 2ஜியில் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் நேர்மாறு. அங்கே டெல்ஸ்டிரா 2016 டிசம்பரிலேயே 2ஜியை மூடிவிட்டு 3ஜியை 2024 வரை ஓட்டியது. ஊருக்கு ஊர் வரிசை மாறுகிற ஒன்றை இயற்கை விதி என்று சொல்லக் கூடாது. கம்பெனி கணக்குப் போட்டு எடுக்கிற முடிவு அது. கணக்குப் போட்டு முடிவெடுப்பது கம்பெனியின் உரிமை. முடிவெடுத்தவர்தான் அதன் பின்விளைவுக்கும் பொறுப்பு என்கிறேன், அவ்வளவுதான். 2ஜியை மூடச் சொல்லி உரக்கக் கேட்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அம்பானியின் ஜியோவிடம் 2ஜி கிடையாது; 2016 செப்டம்பரில் அது பிறந்ததே 4ஜியில். அரசு ஆணையிட்டு 2ஜியை மூடினால் தெருவுக்கு வரப்போவது போட்டிக் கம்பெனிகளின் வாடிக்கையாளர்கள். வியாபாரத்தில் அப்படிக் கேட்பது தப்பில்லை. அதை நாட்டு முன்னேற்றம் என்று நாமும் சேர்ந்து பாடுவதுதான் அபத்தம்.

சரி, “போர்ட் பண்ணிக்கலாமே” என்பதற்கு வருவோம். இந்த வாதம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துவிட்டது. 2018 பிப்ரவரி, ஏர்செல்.

1999-ல் இங்கேயே தொடங்கிய கம்பெனி அது. கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் அதன் ரீசார்ஜ் கூப்பன் தொங்கியது. சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் அதன் பெயர் இருந்தது. கடன் முற்றி, டவர் கம்பெனிகளுக்குப் பாக்கி சேர்ந்து, அந்த மாதம் 21-ம் தேதி வாக்கில் தமிழ்நாடு முழுக்க டவர்கள் அணைந்தன. 28-ம் தேதி கம்பெனி மும்பையில் திவால் மனு போட்டது. இடைப்பட்ட நாட்களில் ஷோரூம் வாசல்களில் கூட்டம் முண்டியடித்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் போர்ட் பண்ணத் தெரியும், அதற்குத்தான் வந்திருந்தார்கள். ஆனால் போர்ட் பண்ண என்ன செய்ய வேண்டும்? அந்த எண்ணிலிருந்தே 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். பதிலுக்கு எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு வரும். அதைக் கொண்டுபோய்ப் புதுக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்ப டவர் வேண்டும். டவர் இல்லாததால்தான் போர்ட் பண்ணவே வந்திருக்கிறார்கள். கிணற்றில் விழுந்தவனிடம், மேலே ஏறி வந்து கையெழுத்துப் போட்டால் கயிறு தருகிறோம் என்று சொன்ன மாதிரி. எங்கேயாவது ஒரு டவர் உயிரோடு இருக்கிறதா என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, குறியீடு வேறு வழியில் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. அதற்குள் வங்கி, கேஸ் புக்கிங், ஆதார் என்று எல்லாவற்றோடும் கட்டிவைத்த எண் ஊமையாகிக் கிடந்தது. ப்ரீபெய்டில் மிச்சமிருந்த காசும் போர்ட் பண்ணினால் கூட வராது.

“அது ஒரு கம்பெனி திவாலான கதை, விதிவிலக்கு” என்பார்கள். திவால் விதிவிலக்காக இருக்கலாம். போர்ட் பண்ணும் உரிமை, சிக்னல் இருக்கிறவனுக்கு மட்டுமே உதவும் உரிமை என்பது விதிவிலக்கல்ல. அந்த ஏற்பாட்டின் அமைப்பே அதுதான். இன்னொன்றும் உண்டு. இந்த உரிமை நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20-ல். அப்போது தமிழ்நாட்டில் கம்பெனிகளை எண்ண இரண்டு கை விரல் வேண்டும்: ஏர்டெல், வோடஃபோன், ஐடியா, ஏர்செல், பிஎஸ்என்எல், ரிலையன்ஸ், டோகோமோ, யூனினார், எம்டிஎஸ், வீடியோகான். இன்று தனியாரில் மூன்று, அரசுக்கு ஒன்று. ‘பிடிக்கலைன்னா மாறிக்கோ’ என்ற சொல்லுக்கு அன்று இருந்த பலம் இன்று இல்லை. சொல்லுகிற தொனி மட்டும் ஏறியிருக்கிறது. மாநிலக் கணக்கில்தான் இந்த நான்கும். அத்தை ஊரில் கண்ணுக்குத் தெரிவது ஒரே டவர். அதில் யார் யார் கருவி கட்டியிருக்கிறார்கள் என்பது கீழே நின்று பார்க்கும் யாருக்கும் தெரியாது. சிம்மை மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பாகப் போனால் திரும்பி வர இன்னொரு மூன்று மாசம் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது, “போனை மாத்துங்க.”

4ஜி போன் வாங்கிவிட்டால் பேச்சுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்த போன் எப்படிப் பேசுகிறது என்று தெரிவதில்லை. 4ஜி அடிப்படையில் டேட்டாவுக்காகக் கட்டப்பட்ட சாலை. அதில் குரலை ஓட்டுவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கடைக்காரர்கள் ‘வோல்ட்டி’ என்று சொல்வது அதைத்தான். அந்த வசதி இல்லாத அல்லது இயங்காத போனில் மணி அடித்தால், போன் சத்தமில்லாமல் 4ஜியிலிருந்து இறங்கி 2ஜிக்கோ 3ஜிக்கோ போய்ப் பேசிவிட்டு மறுபடி மேலே ஏறும். மேலே 4ஜி என்று காட்டும், பேசுவதென்னவோ கீழே. கீழ்மாடியை இடித்துவிட்டால்? யூடியூப் ஓடும், பேச முடியாது. வோல்ட்டி இருக்கிற போனாகவே இருந்தாலும் அந்தக் கம்பெனி அந்த மாடலை அனுமதித்திருக்க வேண்டும். துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய போனில் படம் எல்லாம் வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை என்று கடைக்குக் கடை ஏறி இறங்குபவர்கள் உண்டு.

இதன் உச்சத்தை ஆஸ்திரேலியா பார்த்தது. அங்கே டெல்ஸ்டிராவும் ஆப்டஸும் 3ஜியை மூடுவதற்கு நாள் குறித்து, தள்ளிவைத்து, மறுபடியும் தள்ளிவைத்து, கடைசியில் 2024 அக்டோபர் 28-ல் மூடத் தொடங்கின. ஏன் தள்ளிவைத்தார்கள்? 3ஜி மட்டும் உள்ள பழைய போன்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அவற்றை மாற்றச் சொல்லியாயிற்று. விசாரித்தபோது இன்னொரு இனம் வெளிப்பட்டது. 4ஜி உள்ளவை, வோல்ட்டி உள்ளவை, அன்றாடம் மகளுக்கும் மருமகனுக்கும் 4ஜியிலேயே நன்றாகப் பேசுகிறவை. ஆனால் 000 என்ற அவசர எண்ணை அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடும்படி ஆலையிலேயே அமைக்கப்பட்டவை. நெஞ்சு வலிக்கும்போதுதான் அந்த போன் வேலை செய்யாது என்பது தெரியவரும். போனைக் கையில் வைத்திருப்பவர் அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சோதித்துப் பார்ப்பதற்காக ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியுமா? அரசு தலையிட்டு, அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களைக் கம்பெனிகளே கண்டுபிடித்து இணைப்பை நிறுத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்கு ஓராண்டு கழித்து, 2025 அக்டோபரிலும், சில பழைய சாம்சங் மாடல்கள் குறிப்பிட்ட சூழ்நிலையில் 000-ஐ அடைய மாட்டா என்ற அறிவிப்பு வந்தது. பணக்கார நாடு, கண்டிப்பான சட்டம், பெரும்பாலும் படித்த வாடிக்கையாளர்கள், வருஷக்கணக்கில் விளம்பரம். அங்கேயே இந்த நிலை. இங்கே, “விவரம் இருந்தா மாத்திக்குவாங்க” என்கிறோம்.

டச் போனே வேண்டாம், 4ஜியிலேயே பட்டன் போன் வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜியோ பாரத் போன் 2023-ல் 999 ரூபாய்க்கு வந்தது. அத்தையின் விரலுக்குப் பழகிய பட்டன்கள், உள்ளே 4ஜி. ஆனால் அதில் ஜியோ சிம்மைத் தவிர வேறு சிம் வேலை செய்யாது. அதாவது ‘போனை மாத்து’ என்ற அறிவுரையை அத்தை கேட்டால், ‘கம்பெனியை மாத்து’ என்ற அறிவுரையை இனி அவரால் கேட்க முடியாது. இரண்டு வாதத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடுகிறது.

பட்டன் போனை வைத்திருப்பதே பின்தங்கிய குணம் என்ற எண்ணமும் இதில் ஒளிந்திருக்கிறது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாள் தாங்கும். வரப்பில் விழுந்தாலும் உடையாது. களை எடுத்துக் காய்ப்பேறிய விரல் டச் ஸ்கிரீனில் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குப் பட்டனின் அருமை தெரியும். அத்தைக்கு எண் வாசிக்கத் தெரியாது. 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகன், 3 மகள், 4 நான். நடுவில் இருக்கிற 5-ல் ஒரு சின்னப் புடைப்பு இருக்குமே, அதிலிருந்து எண்ணி இருட்டிலேயே அழைப்பார். அவர் சிக்கிக் கிடக்கவில்லை. தனக்குச் சரியான கருவியை வைத்திருக்கிறார். “வாட்சப்ல கூப்பிடச் சொல்லுங்க” என்கிறவர்களுக்குப் பதில் சொல்வதற்கே அலுப்பாக இருக்கிறது. 108 வாட்சப்பில் வராது.

மனிதர்களையாவது மாறச் சொல்லலாம். கிணற்றடியில் தொங்கும் பெட்டியை யார் மாறச் சொல்வது?

கொங்கு நாட்டிலும் எங்கள் பக்கத்திலும் தோட்டம் உள்ளவர்களுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் என்றால் விளக்க வேண்டியதில்லை. பம்ப்செட் ஸ்டார்ட்டரோடு ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சிம். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று உறுதியில்லை. வந்தால் ராத்திரி பன்னிரண்டுக்கும் வரும். முன்பெல்லாம் டார்ச்சை எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து வரப்பில் காலைத் தட்டித் தட்டி நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார்கள். இப்போது படுக்கையிலிருந்தே பெட்டிக்கு போன் போடுகிறார்கள். பெட்டி தமிழிலேயே பதில் சொல்லும்: கரண்ட் இருக்கிறது, மோட்டாரை ஓட்ட 1-ஐ அழுத்து, நிறுத்த 2-ஐ அழுத்து. கோயம்புத்தூர்ப் பட்டறைகளின் கைவண்ணம் இது. எந்த 5ஜி விளம்பரத்திலும் வராத தொழில்நுட்பம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்த எண்ணைத் தன் போனில் ‘கிணத்து மாமா’ என்று பதிந்து வைத்திருக்கிறார்.

அந்தப் பெட்டிகளில் ஏராளமானவற்றின் உள்ளே இருப்பது 2ஜி கருவி. 2ஜி மெலிந்தால் பெட்டி முதலில் ஒருநாள் எடுக்கும், ஒருநாள் எடுக்காது. நிறுத்தச் சொல்லி அழைத்தால் லைன் கிடைக்காது. தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். காயில் கருகினால் ரீவைண்டிங் செலவு விவசாயிக்கு. இங்கே யாருக்குப் புத்திமதி சொல்வது? அமெரிக்காவிலும் இதே கதைதான். 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி 3ஜியை மூடுவதற்கு முன், வீடுகளில் பொருத்திய திருட்டு, தீ அலாரங்கள் ஊமையாகிவிடும் என்று அலாரக் கம்பெனிகள் தவணை கேட்டு மன்றாடின. அவர்களுக்கு மனுப் போட ஒரு சங்கம் இருந்தது. கிணத்து மாமாவுக்கு இல்லை.

இன்னொரு வாதம், இந்தப் பழைய வாடிக்கையாளர்களால் கம்பெனிக்கு வருமானமில்லை என்பது. கணக்கைப் பார்ப்போம். 2018 கடைசியில் கம்பெனிகள் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று ஒன்றைக் கொண்டுவந்தன: 28 நாளைக்கு 35 ரூபாய். அதுவரை வாழ்நாள் செல்லுபடி என்று வாங்கிய சிம்முக்கும் சேர்த்து. அது 49 ஆகி, 79 ஆகி, 99 ஆகி, 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு ஏர்டெலின் 28 நாள் ரீசார்ஜ் 199-ல் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்தது ஏழு ரூபாய் பத்துக் காசாயிற்று. 199-ல் அளவில்லாமல் பேசலாம், டேட்டாவும் உண்டு, 35-ல் அப்படியில்லை என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அத்தைக்கு வருகிற அழைப்புதான் முக்கியம். அவருக்குக் கொடுக்கும் டேட்டா, பல் இல்லாதவருக்குக் கொடுக்கும் முறுக்கு. 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்ட பிறகுதான் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டங்கள் வந்தன. நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் பட்டன் போன் வைத்திருப்பதாக டிராய் சொன்னதும் அப்போதுதான். 2025 ஜனவரியில் வந்த திட்டங்களில் ஜியோ 84 நாளைக்கு 448, ஏர்டெல் 469. அப்படிப் பார்த்தாலும் பேச்சு மட்டும் போதும் என்பவர் நாளொன்றுக்கு ஐந்தேகால் ரூபாய்க்குக் குறையாமல், மொத்தமாக முன்பணம் கட்டுகிறார். இதற்குப் பெயர் இலவச சவாரியா? கட்டணம் ஐந்து மடங்குக்கு மேல் ஏறிய அதே ஆறேழு வருஷத்தில்தான் போன் கூடத்திலிருந்து சமையல்கட்டு ஜன்னலுக்குப் போயிருக்கிறது.

சட்டமாவது கேட்டதா? ஒருமுறை கேட்கப் பார்த்தது. அழைப்பு பாதியில் அறுந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் என்று 2015 அக்டோபரில் டிராய் விதி செய்தது. மூன்று ரூபாய்க்குக் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2016 மே 11-ல் அந்த விதி ரத்தானது. வாடிக்கையாளர் பக்கத்துக் காரணங்களாலும் அழைப்பு அறுபடக்கூடும் என்பது அங்கே எடுபட்ட வாதங்களில் ஒன்று. மறுபடியும் அதே பல்லவி: எல்லைக்கு வெளியே போனது நீங்கள்.

2024-ல் வந்த புதிய தர விதிகள் கொஞ்சம் பரவாயில்லை. எந்த இடத்தில் 2ஜி, எந்த இடத்தில் 4ஜி என்று கம்பெனிகள் வரைபடம் வெளியிட வேண்டும். ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் ஈடு தர வேண்டும். நல்லதுதான். ஆனால் அத்தைக்கு நேர்ந்தது எந்தக் கட்டத்திலும் அடங்காது. திருச்சி மாவட்டம் முடங்கவில்லை. ஒரு தெருவின் உட்புறம் முடங்கியது. 24 மணி நேரம் இல்லை, இரண்டு வருஷம். வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன்; அத்தையின் ஊர் பளிச்சென்று வண்ணத்தில் இருக்கிறது. இத்தகைய வரைபடங்கள் பெரும்பாலும் வெட்டவெளிக்குப் போட்ட கணக்கு. சுவருக்குள் நுழைவதில் 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலை கெட்டி, உயர்ந்த அலை சோணி. எந்த அலையில் எதை ஓட்டுவது என்று கம்பெனி மாற்றி வைத்தால், தெருவில் நின்றால் வண்ணம், வீட்டுக்குள் நுழைந்தால் வெறுமை.

நான் கேட்பது 2ஜியை என்றென்றும் காப்பாற்றுங்கள் என்பதல்ல. மூடுங்கள், மூடுவதற்கு முன் அந்த வீட்டுக் கூடத்தில் நின்று ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். இன்ன தேதியிலிருந்து இந்த போன் இங்கே பேசாது என்று, விளம்பரத்துக்கு அழைக்கிற அதே குரலில் அத்தையை அழைத்துத் தமிழில் சொல்லுங்கள். பேசாத போனுக்குப் பதில், எந்த சிம்மும் போடக்கூடிய பேசும் போனைக் கொடுங்கள். சொந்தச் சிக்னல் இல்லாத இடத்தில் அடுத்த கம்பெனியின் டவரில் ஏறிப் பேச அனுமதியுங்கள். இது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. அரசுப் பணத்தில் கட்டிய கிராமப்புற 4ஜி டவர்களில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ மூன்றும் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை 2025 ஜனவரியில் மத்திய அரசே தொடங்கிவைத்தது. சுமார் 27 ஆயிரம் டவர்கள். பொதுப் பணத்தில் கட்டியதற்கு முடிவது, பொது அலைக்கற்றையில் ஓடுவதற்கு ஏன் முடியாது என்பதற்கு எனக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

பேரனும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்திருந்தான். மாட்டுப் பொங்கலன்று காலையில் அவனுக்கு ஆபீஸிலிருந்து ஏதோ அவசர அழைப்பு. கையில் 5ஜி போன், வேறு கம்பெனி சிம். கூடத்தில் நின்று “ஹலோ, ஹலோ” என்றான். வாசலுக்குப் போனான். மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனான். பிறகு படியேறி மொட்டை மாடிக்குப் போய் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “கேக்குதா சார், இப்பக் கேக்குதா?” என்று கத்திக்கொண்டிருந்தான். அத்தை கோலமாவுக் கிண்ணத்தை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“அங்க நிக்காதய்யா. தண்ணித் தொட்டிக்கு வடக்கால போ, மாமரத்துப் பக்கமா. அங்கதான் எடுக்கும்.”